எலி மருந்து

“வயல்ல எலிக்கு மருந்து வைக்கிறீக. வீட்டுக்குள்ள எலிக்கு மருந்து ஊத்துறீக. என்னப்பா இது கூத்து?”

ஆர்.எஸ்.மங்கலத்தில் என் அறைக்கு வந்த முதல் ஹாம்ஸ்டரோடு கூடவே வந்த அப்பத்தா ஒருவர் கேட்டது இது. பேரன் கையில் செருப்புக் கடை அட்டைப்பெட்டி. அதற்குள் கிழித்துப் போட்ட பேப்பருக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுருண்டை. பையனின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியைத் திறந்தபோதுதான் சிரிப்பு நின்றது. தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுத்துப் போட்ட அனுபவம் 30 வருஷம் இருந்தது. இதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று மட்டும் தெரியவில்லை.

அந்த அப்பத்தாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. நாரை பறக்காத 48 மடை என்று பேர் வாங்கிய பெரிய கண்மாயின் தண்ணீரில் நெல் விளையும் ஊர் இது. கதிர் முற்றும்போது எலி வரும். வரப்பில் வளை தோண்டி, கதிரைக் கடித்து இழுத்துப்போய் உள்ளே அடுக்கும். எலி மருந்து என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். அரசாங்கக் கால்நடை மருந்தகங்களில் இந்த மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு, ஓய்வு பெற்றபின் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன அறை எடுத்து உட்கார்ந்த எனக்கும் அதுதான் அர்த்தம். வெள்ளாடு, செம்மறி, உழவு மாடு, கோழி, எப்போதாவது ஒரு நாய். கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த காலத்தில் பிள்ளைகள் போனில் எதையெதையோ பார்த்தார்கள். அடுத்த வருஷமே மதுரையிலிருந்து பஸ்ஸில் ஹாம்ஸ்டர் வந்து இறங்கிவிட்டது.

பையனுடையதற்கு முதுகில் ஒரு கடிகாயம். கூட இருந்த இன்னொன்று கடித்தது. சீழ் வைத்திருந்தது. மருந்து கொடுக்க எடை வேண்டும். என்னிடம் இருந்ததோ ஆட்டை மாட்டித் தூக்கும் கொக்கித் தராசு. பக்கத்தில் நகைக்கடை. டம்ளரோடு தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் வெறும் டம்ளரை வைத்துக் கழித்துவிட்டு, பிறகு ஹாம்ஸ்டரை உள்ளே விட்டு எண்ணைப் பார்த்தார். 32 கிராம்.

“சரியா நாலு பவுன், டாக்டரய்யா. செய்கூலி சேதாரம் இல்லாம.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பசு 300 கிலோ என்றால் இது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சொட்டு கூடினாலும் விஷம். கணக்கை மூன்று தரம் சரிபார்த்தேன். குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைத் தண்ணீரில் கலந்து, ஊசியில்லாத இன்சுலின் சிரிஞ்சில் அளந்து, ஐந்து நாளைக்கு என்று கொடுத்து அனுப்பினேன்.

காயம் ஆறியது. நான்காம் நாள் பேதி தொடங்கியது. ஆறாம் நாள் காலை அதே செருப்புப் பெட்டி என் மேஜைக்கு வந்தது. பையன் பேசவில்லை. கூட வந்த அப்பத்தாதான் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மருந்து வேலை செஞ்சிருச்சு.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வயலில் விடிந்ததும் வரப்பைப் பார்த்துச் சொல்கிற வழக்கமான வார்த்தை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்துப் பழைய புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆய்வக விலங்குகள் என்ற பாடத்தில் ஹாம்ஸ்டருக்கு இரண்டு பக்கம். பரீட்சைக்கு வராது என்று நாங்கள் தாண்டிப்போன பக்கம். அதில் ஒரே வரியில் இருந்தது: பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டருக்கு ஆகாது.

அளவில் நான் தப்பு செய்யவில்லை. மருந்தில்தான் தப்பு. ஹாம்ஸ்டரின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல கிருமிகள் பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் போன்றவற்றுக்குச் சுலபமாகச் செத்துப்போகும் ரகம். அவை போன இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். குடல் வெந்து, பேதியாகி, சில நாளில் உயிர் போகும். எரித்ரோமைசின், லின்கோமைசின், க்ளிண்டாமைசின் எல்லாமே இந்தப் பட்டியல்தான். காயத்தில் தடவும் களிம்பும் அப்படித்தான். தடவிய அடுத்த நிமிஷம் நக்கி உள்ளே தள்ளிவிடும். ஆகிற மருந்துகளும் இருக்கின்றன. என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்றவற்றை எடை பார்த்து டாக்டர் கொடுக்கலாம். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் சிரப்பை மட்டும் யாரும் தொடக்கூடாது.

இன்னொன்றையும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதர்களுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதே க்ளாஸ்ட்ரிடியம்தான் காரணம் என்று 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜான் பார்ட்லெட் குழுவினர் கண்டுபிடித்தது ஹாம்ஸ்டர்களை வைத்துத்தான். நான் என் மேஜையில் தெரியாமல் செய்ததை, அவர்கள் தெரிந்தே செய்து மனித குலத்துக்கு ஒரு பாடம் எடுத்தார்கள்.

பையனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். “தம்பி, காயத்தால சாகல. நான் குடுத்த மருந்தால செத்துச்சு. தப்பு என்னோடது.” ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். “அடுத்தது வாங்குனா உங்ககிட்டயே கொண்டு வரவா சார்?” என்றான். முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நற்சான்று அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பிராணி மனிதன் வீட்டுக்குள் வந்ததே மருந்துக்காகத்தான். அந்தக் கதையின் ஒரு முனை நம் சென்னையில் இருக்கிறது. 1903-ல் மதராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற டாக்டர், மண்ணீரல் வீங்கிச் சாகும் காலா அசார் நோயாளிகளிடம் ஒரு ஒட்டுண்ணியைக் கண்டார். அதே சமயம் வில்லியம் லீஷ்மன் என்பவரும் அதைக் கண்டு எழுதியிருந்ததால் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவனி என்று வைத்தார் ரொனால்ட் ராஸ். பிறகு ஜெருசலேமில் சால் ஆட்லர் என்ற விஞ்ஞானி இந்த நோயை ஆராய, சுலபமாக வளர்க்கக்கூடிய ஒரு சிறு பிராணியைத் தேடினார். அவருக்காக இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் 1930-ல் சிரியாவின் அலெப்போ பக்கம் ஒரு தானிய வயலைத் தோண்டி ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. பின்னால் சில தப்பி ஓடின. மிஞ்சிய சிலவற்றிலிருந்து பெருகிய கூட்டம்தான் உலகமெங்கும் பரவியது. இன்று கடைகளில் விற்கும் பொன்னிற சிரியன் ஹாம்ஸ்டர் அநேகமாக எல்லாமே அந்த வளையின் வாரிசு. அலெப்போ விவசாயிக்கும் அது பயிரைத் திருடும் எலிதான். நம்ம அப்பத்தாவும் அவரும் சந்தித்தால் ஒரே கட்சி.

செய்தி பரவியது. சொந்த மருந்தால் கொன்றேன் என்று ஒப்புக்கொண்ட டாக்டர் என்பதாலோ என்னவோ, தொண்டி, தேவிபட்டினம், திருவாடானை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒன்றிரண்டு வரத் தொடங்கின. நானும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பகுதியில் ஹாம்ஸ்டருக்கு முதல் நோய் வெயில். குளிர் நாடுகளில், சில்லிட்டு உறங்கிக் கிடக்கும் ஹாம்ஸ்டரைச் செத்ததென்று நினைத்துப் புதைத்துவிடுவார்களாம். ஆர்.எஸ்.மங்கலத்தில் அந்தப் பயம் தேவையில்லை. 20 முதல் 24 டிகிரி அதற்கு இதமான சூடு. 30-ஐத் தாண்டினால் தவிப்பு. பங்குனியிலிருந்து ஆவணி வரை நமக்கு எந்த நாள் 30-க்குக் கீழே போகிறது?

கத்திரி வெயிலில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஒரு அம்மா கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தகரம் போட்ட மாடி அறையில் வைத்திருந்தார்கள். “ஃபேன் போட்டுத்தான் சார் வச்சிருந்தோம். நேரா மூஞ்சிலயே காத்துப் படுற மாதிரி.” ஹாம்ஸ்டர் கால்களை நீட்டித் தட்டையாகக் கிடந்தது. தாடைக்குக் கீழே எச்சில் வழிந்து ரோமம் நனைந்திருந்தது. விலா வேகமாகத் துடித்தது. நமக்கு வியர்க்கும், அதனால் காற்றுப் பட்டால் குளிரும். ஹாம்ஸ்டருக்கு வியர்வை கிடையாது. அனல்காற்றை முகத்தில் அடித்தால் அது அனல்தான். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள் என்று தடுத்தேன். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் பாதங்களையும் காதையும் துடைத்து, சிமெண்டுத் தரையில் ஈரத்துணி விரித்துக் கிடத்தினோம். அரை மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கியது. அதன்பிறகுதான் உதட்டோரம் ஒரு சொட்டு, ஒரு சொட்டாகத் தண்ணீர். பிழைத்தது. அதே வாரம் வந்த இன்னொன்று பிழைக்கவில்லை.

வெயிலுக்கு நான் சொல்லும் வைத்தியம் குயவர் கடையில் கிடைக்கும். வாய் அகன்ற புது மண்சட்டி ஒன்றைப் படுக்கவைத்துக் கூண்டுக்குள் வையுங்கள். பக்கத்தில் ஒரு தரை ஓட்டுத் துண்டு. மதியத்தில், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒரு ஓரமாகச் சாய்த்து வையுங்கள். குளிர் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகும், வேண்டாமென்றால் விலகும். கூண்டின் இடம் தரைத்தளம். வெயில் விழாத சுவர். தகர அறையும் கண்ணாடி மீன்தொட்டியும் அடுப்பு மாதிரி.

இரண்டாவது நோய் எங்கள் ஊர்ச் சரக்கு. ராமநாதபுரம் முண்டு வத்தல் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, பெருமைதான். ஆனால் ஒரு வத்தல் வியாபாரி பாய் வீட்டில், மூட்டை அடுக்கிய அறைக்கு அடுத்த அறையில் கூண்டு இருந்தது. ஹாம்ஸ்டர் விடாமல் தும்மியது, கண் ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் மருந்து கொடுத்தும் குறையாமல் நானே வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எனக்கு இருமல் வந்துவிட்டது. “பாய், நோய் இதுக்கு இல்ல, அறைக்கு.” கூண்டை முன்வாசல் திண்ணைப் பக்கம் மாற்றினார். நாலு நாளில் தும்மல் நின்றது. நெடி, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி, மரத்தூள் எல்லாம் அதன் மூக்குக்கு ஒன்றுதான். படுக்கைக்கு உமி போடாதீர்கள், கண்ணில் குத்தும். பஞ்சு போடாதீர்கள்; காலில் சுற்றி இறுகும், விழுங்கினால் குடலை அடைக்கும். அச்சு மையில்லாத வெள்ளைத் தாளைக் கிழித்து நாலு விரல் உயரத்துக்கு மேல் நிரப்புங்கள். தோண்டிப் புதைந்துகொள்ளும்.

மூன்றாவது, பாசம். ஒரு சிறுமி, அவள் வாப்பா விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த சமயம், அவரோடு ஹாம்ஸ்டரைக் கொண்டு வந்தாள். இடது கன்னம் கோலிக்குண்டு மாதிரி வீங்கி, இரண்டு நாளாக வற்றவில்லை. கிட்டே போனால் நாற்றம். பல் சீழோ என்று நினைத்தேன். ஹாம்ஸ்டருக்குக் கன்னத்தில் தோள்வரை போகும் பை இருக்கிறது. தீனியை அதில் அடக்கிப் போய் மூலையில் கொட்டும். வெதுவெதுப்பான உப்புநீரை ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டேன். என் மனைவி டார்ச் பிடித்தார். மழுங்கிய இடுக்கியால் பையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல வெளியே மடித்தபோது, கறுத்துப்போன வெல்லப்பாகில் ஒட்டிய அரைக் கடலை ஒன்று வந்தது. கடலை மிட்டாய். வாப்பா வாங்கி வந்ததில் பங்கு கொடுத்திருக்கிறாள். பாகு பைக்குள் பசையாக ஒட்டிக்கொண்டு, கடலை அங்கேயே அழுகியிருக்கிறது. பையைக் கழுவி உள்ளே விட்டதும், ஹாம்ஸ்டர் என் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகம் கழுவத் தொடங்கியது. எங்கள் நான்கு பேரையும் அது ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீனி எளிமையானது. கம்பு, தினை, குதிரைவாலி கலந்து ஒரு தேக்கரண்டி. சூரியகாந்தி விதையும் கடலையும் கொழுப்பு, ஒன்றிரண்டு போதும். நகம் அளவு கேரட்டோ வெள்ளரியோ. வெங்காயம், பூண்டு, சாக்லேட், மிக்சர், பிஸ்கட் கூடாது. குட்டை ரகங்களுக்குச் சர்க்கரை வியாதியே வரும். முன்பல் சாகும்வரை வளரும். தேய்க்கக் கொய்யாக் குச்சி போடுங்கள். பல் மஞ்சளாக இருக்கிறது, சுத்தம் செய்துகொடுங்கள் என்று கேட்டு வருவார்கள். மஞ்சள்தான் அதன் ஆரோக்கியம்.

இன்னொருவர், வாலடியில் இரண்டு கட்டி வந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று பணத்தோடு வந்தார். பார்த்தேன். “அய்யா, அது கட்டி இல்ல. உங்க ஹாம்ஸ்டர் ஆம்பளை.” வெயில் காலத்தில் ஆணுக்கு அது அப்படித்தான் தொங்கும். இடுப்பின் இரு பக்கமும் இருக்கும் கறுத்த புள்ளிகளும் புற்று அல்ல, சிரியன் ஹாம்ஸ்டரின் வாசனைச் சுரப்பி. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வளர்கிற கட்டி என்றால் தாமதிக்கக்கூடாது.

லவ் பேர்ட்ஸ் போல ஜோடியாக வாங்காதீர்கள். சிரியன் ரகம் ஐந்தாறு வாரத்துக்குமேல் இன்னொன்றைச் சகிக்காது; ஒன்றை ஒன்று கொன்றுவிடும். சண்டை போடாத நேரத்தில் 16 நாளில் குட்டி போடும். அப்போது கூண்டைக் கிளறினால் தாய் குட்டியைத் தின்றுவிடும். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டாதீர்கள், சளி பிடித்துவிடும். கடலை வறுக்கிறவர் வாணலியில் போடுவது மாதிரி, ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வறுத்து ஆறவைத்து ஒரு தட்டில் வையுங்கள். அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. கம்பி வைத்த சக்கரம் காலை ஒடிக்கும். தட்டையான தளம் உள்ள சக்கரம் வாங்குங்கள். பகலில் எழுப்பினால் கடிக்கும். என் கட்டைவிரலே சாட்சி. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் கூண்டு சுத்தம் செய்யக்கூடாது. கருவைப் பாதிக்கும் ஒரு வைரஸ் இவற்றிடமிருந்து பரவலாம்.

எதிலும் நான் தோற்பது வெட் டெயில் என்கிற பேதியில்தான். தாயைவிட்டுப் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, பஸ்ஸில் குலுங்கி வந்த மூன்று முதல் பத்து வாரக் குட்டிக்கு அந்த மிரட்சியிலேயே வரும். வால் நனைந்து நாறும், முதுகு கூனும். இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். அன்றைக்கே கொண்டு வந்தால் தோலுக்கடியில் நீர் ஏற்றிக் காப்பாற்ற முயலலாம். “நேத்தே கொஞ்சம் சோர்வா இருந்துச்சு, பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்” என்று வருபவர்களிடம் நான் எதையும் உறுதி சொல்வதில்லை. பருந்துக்கும் பாம்புக்கும் இரையான பிராணி இது. நோயைக் காட்டினால் உயிர் போகும் என்று அதன் உடம்புக்குத் தெரியும். அதனால் மறைக்கும். நாம் கண்ணால் கண்டுபிடிக்கும்போது பாதி நேரம் போயிருக்கும்.

மறைக்க முடியாதது எடை ஒன்றுதான்.

முதல் ஹாம்ஸ்டரை இழந்த அந்தப் பையன் சொன்னபடி அடுத்ததைக் கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் எடை போட்டு நோட்டில் எழுது. நாலு பவுன் பிராணி கால் பவுன் குறைந்தால் தீனியையும் பல்லையும் பார். அரைப் பவுன் குறைந்தால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் என்னிடம் வா. நகைக்கடைக்காரர் வாரா வாரம் சிரிக்காமல் நிறுத்துக் கொடுத்தார். அந்தக் கணக்கால் இரண்டு தரம் முன்கூட்டியே வந்தான். ஒரு தரம் பல், ஒரு தரம் சளி. இரண்டு தரமும் தப்பித்தது. ஹாம்ஸ்டரின் ஆயுளே இரண்டு, இரண்டரை வருஷம்தான். அது இரண்டு வருஷமும் நாலு மாசமும் இருந்தது. கடைசி மாதங்களில் எடை மெல்ல மெல்ல இறங்கியதையும் அவன் ஒரு வாரம் விடாமல் எழுதியிருந்தான். நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அது முதுமை. அந்தத் தடவை அப்பத்தா என்னைப் பார்த்து, “வயசாகித்தானப்பா போச்சு” என்றார்.

ஹாம்ஸ்டர் கேட்டு உங்கள் வீட்டுப் பிள்ளை அடம்பிடித்தால், கூண்டு வாங்கும் முன் கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்றை வாங்குங்கள். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி, பென்சிலின் வகை ஆகாது என்று எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், என்னிடம் வந்தாலும், மருந்து எழுதும் முன் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.